கல்லில் உரித்த நார்!

"கல்லில் நார் உரிக்க முடியுமா?"

நடக்காத காரியத்தைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்ப் பெரியவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். கஞ்சனிடம் காசு வாங்குவதற்கும் இதையே உவமையாகச் சொல்வார்கள்.

ஆனால், கல்லில் நார் உரிக்க முடியும்! உரித்தும் காட்டிவிட்டார்கள்!

பூமிக்கு அடியில் ஒரு வகைக் கல் இருக்கிறது. வெட்டி எடுத்து நசுக்கினால், அது மண்ணாகப் போவது இல்லை. இழை இழையாகப் பிரிகிறது. பஞ்சு போல வருகிறது. அந்தப் பஞ்சை நூலாக நூற்கலாம். நூலைத் துணியாக நெய்யலாம். துணியைத் தூக்கி நெருப்பில் போட்டால், எரியாது!

அதன் பெயர், கல்நார். ஆங்கிலத்தில், ஆஸ்பெஸ்டாஸ்.

"ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா? எங்கள் வீட்டுக் கூரையே அதுதானே!" என்கிறீர்களா?

அதேதான். நெருப்பையே வென்ற அந்த நார், ஆயிரம் ஆயிரம் பேருடைய மூச்சைப் பறித்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

ரெயில் ஜன்னலில் பாருங்கள்

சென்னையில் மின்சார ரெயில் ஏறுங்கள். வடக்கே கும்மிடிப்பூண்டி வரை போகலாம். மேற்கே திருவள்ளூர் வழியாக அரக்கோணம் வரை போகலாம். எந்தப் பக்கம் போனாலும் ஜன்னல் வழியே ஒரு காட்சி தெரியும்.

சாம்பல் நிறத்தில், அலை அலையாக, கூரைகள்!

தொழிற்சாலைக் கொட்டகை, டீக்கடை, மாட்டுத் தொழுவம், கோழிப் பண்ணை, வீட்டுக்குப் பின்னால் ஒட்டிக் கட்டிய குளியல் அறை. எல்லாவற்றின் தலையிலும் அதே ஷீட்டு.

ஏன்? விலை மலிவு. துருப்பிடிக்காது. கறையான் அரிக்காது. ஓலைக் கூரை போலத் தீப்பிடிக்காது. ஓலைக் குடிசையில் பயந்து பயந்து அடுப்பு மூட்டிய ஒரு குடும்பம், இந்த ஷீட்டைப் போட்ட அன்றுதான் நிம்மதியாகத் தூங்கியிருக்கும். அதை நாம் மறந்துவிடக் கூடாது.

இந்த ஷீட்டில் பெரும் பங்கு சிமெண்டுதான். ஏறக்குறைய 10 பங்கில் 1 பங்கு கல்நார். மண் சுவருக்கு வைக்கோல் எப்படியோ, அப்படிச் சிமெண்டுக்குக் கல்நார். விரிசல் விடாமல் இழுத்துப் பிடித்துக் கொள்ளும்.

தமிழ்நாட்டுக்கு இந்தத் தொழில் புதிது அல்ல. கோவைக்குப் பக்கத்தில் போத்தனூரில் 1950-களிலேயே ஷீட்டு செய்யத் தொடங்கினார்கள். 1960-களில் அரக்கோணத்துக்கும் இந்தத் தொழில் வந்தது.

கூரை மட்டும் அல்ல. பஸ், லாரிகளின் பிரேக்கில் தேய்கிற பட்டையில் ஒரு காலத்தில் கல்நார் சேர்த்தார்கள். கொதிகலனையும் நீராவிக் குழாயையும் சுற்றிக் கட்டினார்கள். கயிறாகத் திரித்து உலைக் கதவின் இடுக்கில் அடைத்தார்கள். தண்ணீர்க் குழாய் செய்தார்கள். தீயணைப்பு வீரருக்குச் சட்டை தைத்தார்கள்!

"மந்திரக் கல்" என்றே இதற்கு ஒரு செல்லப் பெயர் உண்டு.

மேஜை விரிப்பு எரியவில்லை!

ஐரோப்பாவை ஆண்ட சார்லிமேன் என்ற சக்கரவர்த்தியைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்.

விருந்து முடிந்ததும், அழுக்கான மேஜை விரிப்பை எடுத்து நெருப்பில் வீசுவாராம். விருந்தாளிகள் பதறுவார்கள். சற்று நேரம் கழித்து எடுத்தால், அழுக்கு எரிந்து போய், விரிப்பு வெள்ளை வெளேர் என்று வருமாம்!

கதை உண்மையோ, பொய்யோ! அப்படிப்பட்ட துணி இருந்தது உண்மை.

பல நூறு ஆண்டுகள் வரை அது அரசர்களின் வேடிக்கைப் பொருளாகத்தான் இருந்தது. நீராவி எந்திரம் வந்தது. கொதிகலன் வந்தது. உடனே கல்நாருக்கு யோகம் அடித்தது. சுரங்கம் சுரங்கமாகத் தோண்டினார்கள். நூற்பு ஆலைகள் எழும்பின.

ஆலைக்குள் புழுதி பறந்தது. அந்தப் புழுதியைத் தொழிலாளி சுவாசித்தார்.

10 பேரில் ஒருவர்

1900-ம் ஆண்டு. லண்டன் நகரம். ஒரு தொழிலாளி மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 33 அல்லது 34 இருக்கும். கல்நார் ஆலையில் வேலை பார்த்தவர்.

சாகும் முன்பு அவர் டாக்டரிடம் ஒரு விஷயம் சொன்னார்.

"நான் வேலை செய்த அறையில் நாங்கள் 10 பேர் இருந்தோம். மற்ற 9 பேரும் செத்துப் போய்விட்டார்கள். மிஞ்சியது நான்தான்" என்பதே அவர் சொன்னதன் சாரம்.

டாக்டர் மர்ரே, அவருடைய நுரையீரலை அறுத்துப் பார்த்தார். உள்ளே கல்நார் இழைகள் இருந்தன. 1906-ம் ஆண்டு அரசாங்க விசாரணைக் குழுவின் முன்னால் போய் இதை அவர் சொன்னார். ஆனால், யாரும் அவசரப்படவில்லை.

இன்னும் 18 ஆண்டுகள் ஓடின.

நெல்லி கெர்ஷா

இங்கிலாந்தில் ராக்டேல் என்று ஓர் ஊர். அங்கே ஓர் ஏழைப் பெண். பெயர், நெல்லி கெர்ஷா. சிறு வயதிலேயே ஆலை வேலைக்குப் போனவர். கல்நார் ஆலையில் நூல் நூற்றார்.

இளைப்பு வந்தது. இருமல் வந்தது. 1922-ம் ஆண்டுக்குப் பிறகு வேலைக்கே போக முடியவில்லை. "கல்நார்ப் புழுதியால் வந்த நோய்" என்று உள்ளூர் டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. அப்படி ஒரு நோயே கிடையாது என்றது. நஷ்ட ஈடு கொடுக்கவில்லை.

1924-ம் ஆண்டு மார்ச்சு மாதம் நெல்லி இறந்தார். வயது 33. அடக்கச் செலவுக்குக்கூடக் கம்பெனியிடம் இருந்து பணம் வரவில்லை. அவரைப் புதைத்த இடத்தில் அப்போது பெயர் பொறித்த கல்கூட வைக்கவில்லை.

ஆனால், குக் என்ற டாக்டர் அவருடைய நுரையீரலைப் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தார். கூர் கூரான துணுக்குகள் தெரிந்தன. அதைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். 1927-ம் ஆண்டு அந்த நோய்க்குப் பெயரும் வைத்தார். "ஆஸ்பெஸ்டோசிஸ்" என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

கம்பெனி "இல்லை" என்று சொன்ன நோய்க்கு, அந்தப் பெண்ணின் நெஞ்சே சாட்சி சொன்னது!

பிறகுதான் அரசாங்கம் விழித்தது. கல்நார் ஆலைத் தொழிலாளர்கள் 363 பேரைச் சோதித்தார்கள். 4 பேருக்கு ஒருவர் வீதம் நோய் இருந்தது. 20 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர்களில் 5 பேருக்கு 4 பேர் நோயாளிகள்! 1930-ம் ஆண்டில் இந்த அறிக்கை வந்தது. 1931-ம் ஆண்டில் புழுதியைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது.

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது?

தூசியை நாம் எல்லோரும்தான் சுவாசிக்கிறோம். மாவு மில்லில் தூசி. ரோட்டில் தூசி. கல்நார் தூசி மட்டும் ஏன் இவ்வளவு பொல்லாதது?

கேளுங்கள்.

நம் உடம்பு ஏமாளி அல்ல. மூக்கில் முடி இருக்கிறது. பெரிய தூசியை அது தடுக்கும். தாண்டி வந்தால், தொண்டையிலும் மூச்சுக் குழாயிலும் பசை போல் சளி இருக்கிறது. தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள், துடைப்பம் போல அந்தச் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். இருமுகிறோம், துப்புகிறோம். தூசி வெளியே போய்விடும்.

கல்நார் இழையோ, மிக மிக மெல்லியது. ஒரு தலைமுடியின் கனத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட இழைகளை அடுக்கிவிடலாம்! ஈட்டி போல நேராக நின்று, காற்றோடு காற்றாக, நுரையீரலின் அடி ஆழம் வரை போய்விடும். அதற்கு வாசனை இல்லை. தும்மல் வராது. கண் எரியாது. உள்ளே போனதே தெரியாது.

நுரையீரலின் அடியில் குட்டிக் குட்டிக் காற்று அறைகள் கோடிக் கணக்கில் உள்ளன. அங்கேதான் காற்றில் உள்ள பிராணவாயு ரத்தத்தில் கலக்கிறது. அந்த அறைகளுக்குக் காவல்காரர்கள் உண்டு. அந்நியப் பொருள் வந்தால் பிடித்து விழுங்கிவிடும் நுண்ணிய அணுக்கள் அவை.

காவல்கார அணு ஓடி வருகிறது. இழையை விழுங்கப் பார்க்கிறது. முடியவில்லை! இழை அதைவிட நீளம். பானைக்குள் உலக்கையைப் போட்டு மூட முடியுமா? இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

காவல்காரன் விடுவது இல்லை. இழையைக் கரைப்பதற்காகத் தன்னிடம் உள்ள திராவகம் போன்ற நீரைக் கக்குகிறது. நெருப்புக்கே கரையாத கல், அதற்கா கரையும்? திராவகம் பக்கத்துச் சதையைப் புண் ஆக்குகிறது. காவல்காரன் சாகிறான். அடுத்தவன் வருகிறான். அவனும் அதே போலச் சாகிறான்.

இந்தச் சண்டை ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஆண்டுக் கணக்கில் நடக்கிறது.

புண் ஆறினால் தழும்பு வரும் அல்லவா? நுரையீரலிலும் தழும்பு விழுகிறது. தழும்பின் மேல் தழும்பு. பஞ்சு போல விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல், பழைய செருப்புத் தோல் போல விறைத்துப் போகிறது. காற்று உள்ளே வந்தாலும் ரத்தத்தில் கலக்க வழி இல்லை.

அதுதான் ஆஸ்பெஸ்டோசிஸ்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

வேலை செய்கிற ஓர் ஆள், 8 மணி நேரத்தில் சுமார் 10 ஆயிரம் லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார்.

அமெரிக்காவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வேலை செய்யும் இடத்தில், ஒரு மில்லி லிட்டர் காற்றுக்கு 0.1 இழைக்கு மேல் இருக்கக் கூடாது. கேட்பதற்கு ஒன்றுமே இல்லை போலத் தோன்றும்.

பெருக்கிப் பாருங்கள். 10 ஆயிரம் லிட்டர் என்பது 1 கோடி மில்லி லிட்டர். அந்த அளவு காற்றிலேயே, ஒரு நாள் வேலையில் 10 லட்சம் இழைகள்! பெரும் பகுதியை உடம்பு வெளியே தள்ளிவிடும். தங்கிப் போவதுதான் தொல்லை.

காற்று சோதிக்கப்படாத ஒரு கொட்டகையில், எந்திர ரம்பத்தால் ஷீட்டை உலர்ந்தபடியே அறுக்கிறவரின் கதி என்ன?

20 ஆண்டு தூங்கும் நோய்

இந்த நோயின் பெரிய சூழ்ச்சியே, அது காத்திருப்பதுதான்.

இன்று புழுதியைச் சுவாசித்தால், நாளை காய்ச்சல் வராது. அடுத்த மாதமும் ஒன்றும் ஆகாது. 10 ஆண்டு, 20 ஆண்டு ஆகும்.

முதலில், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். "வயதாகிவிட்டது" என்று நினைப்பார்கள். பிறகு வறட்டு இருமல். அப்புறம், சமதரையில் நடந்தாலே இளைக்கும். சிலருக்கு விரல் நுனிகள் உருண்டு தடித்துப் போகும். டாக்டர் குழாய் வைத்துக் கேட்டால், முதுகின் அடிப்பக்கத்தில் மொறுமொறு என்று ஒரு சத்தம் கேட்கும்.

நம் நாட்டில் இதை காச நோய் என்று தவறாக நினைத்து மாதக் கணக்கில் மருந்து சாப்பிடுவதும் உண்டு. ஏன்? "நீ என்ன வேலை செய்தாய்?" என்று டாக்டர் கேட்பது இல்லை. நோயாளியும் சொல்வது இல்லை.

விழுந்த தழும்பை எடுக்க மருந்து கிடையாது. மூச்சுத் திணறலைக் குறைக்கலாம். பிராண வாயு கொடுக்கலாம். அவ்வளவுதான்.

தழும்போடு போவது இல்லை. கல்நார் புற்றுநோயையும் உண்டாக்கும்.

1955-ம் ஆண்டில், கல்நார்த் தொழிலாளருக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்பதை ரிச்சர்டு டால் என்ற ஆங்கில நிபுணர் கணக்குப் போட்டுக் காட்டினார். 1960-ம் ஆண்டில், தென் ஆப்பிரிக்காவில் வாக்னர் என்ற டாக்டர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். நுரையீரலை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் வரும் ஒரு கொடிய புற்றுநோய். "மீசோதீலியோமா" என்று பெயர். 33 நோயாளிகளைப் பற்றி அவர் எழுதினார். அவர்களில் பெரும்பாலோர் நீலக் கல்நார்ச் சுரங்கப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள். சிலர் சுரங்கத்தில் வேலையே செய்தது இல்லை. சிறு வயதில் அந்தப் பக்கம் இருந்தார்கள், அவ்வளவுதான்! இந்த நோய் 30, 40 ஆண்டு காத்திருந்தும் வரும்.

பீடி, சிகரெட்டுப் பிடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் குழாய்களுக்குக் கல்நார் சுற்றிய தொழிலாளர்களை டாக்டர் செலிகாப்பும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்தார்கள். 1979-ம் ஆண்டில் வந்த கணக்கு இது:

நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, கல்நாரும் புகையும் தொடாதவரைப் போல, கல்நார் மட்டும் பட்டவருக்கு சுமார் 5 மடங்கு. புகை மட்டும் பிடித்தவருக்கு சுமார் 10 மடங்கு. இரண்டும் சேர்ந்தால்? 15 மடங்கு அல்ல, 50 மடங்குக்கு மேல்!

சட்டையில் வந்த சனியன்

"என் கணவர்தானே வேலைக்குப் போகிறார்? எனக்கு என்ன?" என்று தாய்மார்கள் நினைக்க வேண்டாம்.

1965-ம் ஆண்டில் லண்டனில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. மீசோதீலியோமா வந்தவர்களில் சிலர் ஆலையை மிதித்ததே இல்லை. வேலைக்குப் போய் வந்த கணவனின் சட்டையைத் துவைத்த மனைவிமார் அவர்களில் இருந்தார்கள்!

சட்டையை உதறினால் இழை பறக்கும். அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினாலும் அதே ஆபத்துதான்.

கல்நார் மட்டுமா?

இல்லை. துருக்கி நாட்டில் கரைன் என்று ஒரு கிராமம். அங்கே ஆலையும் இல்லை, சுரங்கமும் இல்லை. ஆனால், ஊரில் பலர் மீசோதீலியோமாவால் இறந்தார்கள். 1970-களில் டாக்டர் பாரிஸ் என்பவர் காரணத்தைத் தேடினார். அந்த வட்டாரத்துக் கல்லிலேயே எரியோனைட் என்ற நார்ப் பொருள் இருந்தது. அந்தக் கல்லில்தான் வீடு கட்டியிருந்தார்கள்!

இதில் இருந்து விஞ்ஞானிகள் ஒரு பாடம் கற்றார்கள். பெயர் முக்கியம் அல்ல. இழை நீளமா? மெல்லியதா? உடம்பில் கரையாமல் நிற்கக் கூடியதா? மூன்றுக்கும் "ஆம்" என்றால், ஜாக்கிரதை!

கண்ணாடிப் பஞ்சு பெரும்பாலும் நுரையீரலில் மெல்லக் கரைந்துவிடும். ஆகவே, அது அவ்வளவு பொல்லாதது அல்ல. ஆனால், உலைகளுக்கு உள்ளே ஒட்டுகிற வெள்ளைப் பீங்கான் பஞ்சு சுலபத்தில் கரையாது. புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் அதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது. இரும்பு உருக்கும் பட்டறைகளில் பழைய பஞ்சைப் பிய்த்து எறியும் தொழிலாளர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

ஆமதாபாத் நகரில் நுகர்வோர் கல்வி, ஆராய்ச்சி மையம் என்று ஒரு சங்கம் இருக்கிறது. கல்நார்த் தொழிலாளர்களுக்காக அது 1986-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்குப் போட்டது. 1995-ம் ஆண்டு ஜனவரி 27-ந்தேதி தீர்ப்பு வந்தது.

"தொழிலாளியின் உடல் நலம், அவருடைய உயிர் வாழும் உரிமையில் அடங்கியது. அது அடிப்படை உரிமை" என்ற கருத்தைச் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. அதோடு விடவில்லை. சில கட்டளைகளும் போட்டது.

ஒவ்வொரு தொழிலாளியின் உடல் நலக் குறிப்பையும், அவர் வேலையில் சேர்ந்த நாளில் இருந்து 40 ஆண்டுகளோ, வேலையை விட்ட நாளில் இருந்து 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை பாதுகாத்து வைக்க வேண்டும்.

ஒவ்வொரு தொழிலாளிக்கும் நோய்க் காப்பீடு இருக்க வேண்டும்.

நோய் வந்திருப்பதாகத் தேசியத் தொழில் நல நிலையம் சான்று கொடுத்தால், அந்தத் தொழிலாளிக்கு ரூ.1 லட்சம் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும்.

40 ஆண்டு என்று ஏன் சொன்னார்கள்? நோய் அவ்வளவு நாள் தூங்கும் என்பதால்தான்!

40 ஆண்டுக்கு யார் சாட்சி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டு வாசலில் காலை ஷிப்டு மாறும் நேரத்தில் நின்று பாருங்கள். தமிழ் கேட்கும். தெலுங்கு கேட்கும். இந்தி, ஒடியா, வங்காளி எல்லாம் கேட்கும். பலர் காண்டிராக்டு ஆட்கள்.

அவர்களில் ஒரு வாலிபனை நினைத்துக் கொள்ளுங்கள். 20 வயது. ஒரு காண்டிராக்டரிடம் 6 மாதம் வேலை. பழைய கொட்டகையைப் பிரிக்கிறான். கொதிகலனைச் சுற்றிய பழைய கட்டை உடைக்கிறான். முகத்தில் ஒரு துண்டுதான் கட்டியிருக்கிறான். பிறகு வேறு காண்டிராக்டர், வேறு ஊர். கடைசியில் சொந்தக் கிராமத்துக்குப் போய்விடுகிறான்.

45 வயதில் அவனுக்கு மூச்சு வாங்குகிறது. கிராமத்து டாக்டர் என்ன கண்டார்? 25 ஆண்டுக்கு முன்பு அவன் எங்கே வேலை செய்தான் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? எக்ஸ்ரே எடுத்து வைத்தவர் யார்?

சட்டம் இருக்கிறது. தீர்ப்பு இருக்கிறது. ஆனால், பெயர் எழுதப்படாத ஆளைச் சட்டம் எப்படித் தேடிக் கண்டுபிடிக்கும்? இதுதான் இன்றைய பெரிய கேள்வி.

ஆஸ்பெஸ்டோசிஸ், 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்படி டாக்டர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இடம் பெற்றது. கண்டுபிடித்தால்தானே தெரிவிக்க முடியும்?

திரும்பிப் போன கப்பல்

2006-ம் ஆண்டில் ஒரு வேடிக்கை நடந்தது. பிரான்சு நாட்டின் கிளமான்சோ என்ற பழைய போர்க் கப்பலை உடைப்பதற்காகக் குஜராத்தில் உள்ள அலங்குக்கு அனுப்பினார்கள். கப்பலுக்குள் டன் கணக்கில் கல்நார் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. கடைசியில் பிரெஞ்சு ஜனாதிபதி சிராக், பிப்ரவரி 15-ந்தேதி கப்பலைத் திரும்ப அழைத்துக்கொண்டார்!

அந்தக் கப்பல் திரும்பிப் போனது. ஆனால், கல்நார் நம் நாட்டுக்கு வருவது நிற்கவில்லை.

இங்கிலாந்து 1999-ம் ஆண்டில் கல்நாரைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் 2005-ம் ஆண்டு தடை வந்தது. ஒரு காலத்தில் நமக்குக் கல்நார் விற்ற கனடா, 2018-ம் ஆண்டில் தன் நாட்டில் தடை போட்டது. உலகில் 60-க்கு மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன.

இந்தியாவில் நீலக் கல்நாருக்கு இடம் இல்லை. இங்கே சுரங்கம் வெட்டுவதும் நின்றது. ஆனால், ரஷியா, கஜகஸ்தான், பிரேசில் முதலிய நாடுகளில் இருந்து வெள்ளைக் கல்நார் கப்பல் கப்பலாக இறங்குகிறது.

"வெள்ளைக் கல்நார் சாது. சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கும்போது ஆபத்து இல்லை" என்று ஷீட்டு உற்பத்தியாளர்கள் சொல்கிறார்கள்.

"எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும். நிறுத்துவதுதான் நோயை ஒழிக்க நல்ல வழி" என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. வேலை இடத்தில் கல்நாரைச் சுவாசித்ததால் உலகில் ஆண்டுதோறும் 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இறப்பதாக அது கணக்கிட்டிருக்கிறது.

கட்டுண்டு கிடக்கும்வரை சரி. ஆனால், ஷீட்டு என்றும் கட்டுண்டே கிடக்குமா? 2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி வார்தா புயல் அடித்ததே, திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு மறக்குமா? அப்படிப்பட்ட காற்றில் ஷீட்டு பறந்து நொறுங்கும். நொறுங்கியதை வாரிப் பெருக்குவதும், பள்ளத்தில் கொட்டி மிதிப்பதும் நம் கைகள்தானே!

வீட்டில் என்ன செய்யலாம்?

பயந்துபோய் இன்றைக்கே கூரையைப் பிரிக்காதீர்கள்! அதுதான் பெரிய தவறு. உடையாமல், உதிராமல் இருக்கும் ஷீட்டு உங்களை ஒன்றும் செய்துவிடாது. அறுப்பதும், துளைப்பதும், சுரண்டுவதும், உடைப்பதும்தான் ஆபத்து. ஆகவே:

கூரையில் படிந்த பாசியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள்.

உடைந்த ஷீட்டை எடுக்க வேண்டுமானால், முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக நனையுங்கள். நனைந்த நார் பறக்காது. மேலும் உடைக்காமல், கனமான பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டுங்கள். துணுக்குகளை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

உடைந்த துண்டுகளை ரோட்டுப் பள்ளத்தில் கொட்டாதீர்கள். வண்டி ஏற ஏற அது மாவாகும்.

புதிதாகக் கூரை போடுகிறவர்கள், கல்நார் இல்லாத ஷீட்டும் கடையில் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். தகரம் இருக்கிறது. நம் பாட்டன் காலத்து ஓடும் இருக்கிறது!

தொழிலாளர்களுக்கு

முகத்தில் கட்டும் கைக்குட்டை, இந்த இழைக்கு வலை அல்ல, வாசல். நுண்ணிய தூசியைத் தடுக்கும் சரியான முகமூடியைக் கேட்டு வாங்குங்கள். புழுதியை உறிஞ்சும் எந்திரமும், தண்ணீர் தெளிப்பும்தான் முதல் காவல். முகமூடி கடைசிக் காவல்.

வேலைச் சட்டையை வேலை இடத்திலேயே மாற்றுங்கள். வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். குளித்துவிட்டு வாருங்கள்.

பீடியை விடுங்கள்.

எக்ஸ்ரே, மூச்சுச் சோதனை இரண்டும் எடுக்கச் சொல்லுங்கள். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்த ஆண்டு, எந்த இடம், எந்த காண்டிராக்டர், என்ன வேலை. எல்லாம் எழுதுங்கள். சம்பளச் சீட்டையும் இ.எஸ்.ஐ. அட்டையையும் பத்திரமாக வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள், பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகளைக் கொண்டு எழுதுங்கள். நாளைக்கு அதுதான் உங்கள் சாட்சி.

மூச்சு வாங்கினால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "அய்யா, நான் கல்நார் வேலை செய்தவன்." சென்னை கே.கே.நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் தொழில் நோய்களுக்கென்றே தனி மையம் உண்டு. இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு ஆஸ்பெஸ்டோசிஸ் வந்தால், வேலையில் ஏற்பட்ட காயம் போலவே அது கருதப்படும். உதவி கேட்பது உங்கள் உரிமை.

நெல்லி கெர்ஷாவுக்கு 1924-ம் ஆண்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போது சட்டம் இல்லை. நோய்க்குப் பெயர்கூட இல்லை. இன்று பெயர் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பும் இருக்கிறது. அந்த நோட்டுப் புத்தகம் ஒன்றுதான் பாக்கி.

கல்லில் நார் உரிக்கக் கற்றுக்கொண்டான், மனிதன். நெஞ்சில் புகுந்த அந்த நாரை உரித்து எடுக்க மட்டும் அவன் இன்னும் கற்கவில்லை.

உள்ளே விடாமல் இருப்பதுதான் ஒரே வழி!